இது ஆய்விதழ்க் கட்டுரையா, பொது இதழ்க் கட்டுரையா: எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

விடியல்வாசகி:

வணக்கம் நண்பர்களே. தூக்கத்துக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பு பற்றி முதுகலை ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். நெறியாளர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: சான்றாகக் காட்டுவதெல்லாம் ஆய்விதழ்களிலிருந்து வரவேண்டும், பொது இதழ்கள் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் இதுவரை சேர்த்த பிடிஎஃப் கோப்புகளில் பாதியை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.

சயின்டிஃபிக் அமெரிக்கன் பொது இதழ், அது புரிகிறது. நேச்சர்? அதில் வந்த இரண்டு பக்கச் செய்திக் கட்டுரை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு மருத்துவ ஆய்விதழின் தலையங்கம் இருக்கிறது, எழுதியவர் பேராசிரியர். இதுவரை பெயரே கேள்விப்படாத ஓர் இணைய இதழிலிருந்து அட்டவணை, வரைபடம் எல்லாம் உள்ள நீண்ட கட்டுரையும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் ‘பளபளப்பான தாள், வண்ணப் படம், விளம்பரம் இருந்தால் பொது இதழ்’ என்கின்றன. எல்லாமே திரையில் வரும்போது தாளை எங்கே தொட்டுப் பார்ப்பது? நீங்கள் நிஜத்தில் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

அலமாரி:

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வு உதவிப் பிரிவில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு அன்றாடம் வருவது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாள், வண்ணம், விளம்பரம் எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கிவையுங்கள். அச்சுப் பிரதிகளை அடுக்கில் பார்த்த காலத்து அடையாளங்கள் அவை. அப்போதும் முழுக்கச் சரியாக இருந்ததில்லை. பெரிய மருத்துவ ஆய்விதழ்களின் அச்சுப் பிரதியைப் புரட்டினால் மருந்து நிறுவன விளம்பரங்கள் நிறையவே இருக்கும்.

நான் கேட்டுப் பார்ப்பது இரண்டு கேள்விதான். இது யாருக்காக எழுதப்பட்டது? வெளிவருவதற்கு முன் இதை யார் சோதித்தார்கள்? பொது இதழில் ஆசிரியர் குழு பார்க்கும். நல்ல இதழ் என்றால் தகவல் சரிபார்ப்பவர் ஒருவர் பெயர்களையும் எண்களையும் மூலத்தோடு ஒத்துப்பார்ப்பார். அது மதிப்புள்ள வேலை, குறைத்துச் சொல்லவில்லை. ஆய்விதழில் நடப்பது வேறு. அதே துறையில் ஆய்வு செய்யும் இரண்டு மூன்று பேருக்குக் கட்டுரை போகும், அவர்களைத்தான் மதிப்பீட்டாளர்கள் என்கிறோம். கட்டுப்பாட்டுக் குழு போதாது, இந்தப் புள்ளியியல் சோதனை இங்கே பொருந்தாது, முடிவுரை தரவைத் தாண்டிப் பேசுகிறது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கட்டுரையை எழுதியவர்கள் திருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, மறுபடி அனுப்ப வேண்டும். பல கட்டுரைகள் அந்த இடத்திலேயே நின்றுபோகும்.

இந்தச் சோதனையின் தடம் பெரும்பாலும் கட்டுரையிலேயே இருக்கும். முதல் பக்கத்தின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ சின்ன எழுத்தில் மூன்று தேதிகளைத் தேடுங்கள்: பெறப்பட்டது, திருத்தப்பட்டது, ஏற்கப்பட்டது. பொது இதழ் எதிலும் அந்த மூன்று தேதி வராது. எல்லா ஆய்விதழும் அதை அச்சிடுவதில்லை என்பதும் உண்மை, ஆனால் இருந்தால் அது நல்ல சான்று. அதற்குப் பிறகு முறையியல் பகுதிக்குப் போங்கள். எத்தனை பேரை வைத்து, எந்தக் கருவியால், எத்தனை இரவு அளந்தார்கள் என்பது வேறொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொது இதழ் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஆய்வாளரின் பேட்டிக்குப் போய்விடும்.

பழைய அச்சு இதழ்களின் ஸ்கேன் கிடைத்தால் இன்னொரு தடமும் உண்டு. பொது இதழ்கள் ஒவ்வோர் இதழிலும் பக்க எண்ணை 1 என்று தொடங்கும். ஆய்விதழ்களில் பெரும்பாலும் ஒரு தொகுதி முழுக்க எண் தொடர்ந்து ஓடும், ஆண்டுக் கடைசியில் சேர்த்துக் கட்டுவதற்காக. மெல்லிய இதழில் பக்கம் 1183 என்று பார்த்தால் அதன் காரணம் இதுதான்.

அலமாரி:

உங்கள் நேச்சர் கேள்வியைத் தனியாக எடுக்கிறேன், எல்லோரும் தடுமாறும் இடம் அது.

நேச்சர் (1869), சயின்ஸ் (1880) இரண்டும் ஒரே அட்டைக்குள் இரண்டு வேலை செய்கின்றன. முன்பகுதியில் செய்தி, கருத்து, நூல் மதிப்புரை. பின்பகுதியில் ஆய்வுக் கட்டுரைகள். முன்பகுதிச் செய்திகளைப் பத்திரிகையாளர்கள் எழுதுகிறார்கள், அவை மதிப்பீட்டாளர்களிடம் போவதில்லை. ஆகவே உங்களிடம் உள்ள இரண்டு பக்கம் புகழ்பெற்ற ஆய்விதழில் வந்த செய்தி, அவ்வளவுதான். அது எந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறதோ அந்தக் கட்டுரைதான் உங்களுக்கு வேண்டும்.

அதனால்தான் இதழை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கட்டுரையைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். தரவுத்தளங்களில் ‘மதிப்பீடு செய்யப்பட்டவை மட்டும்’ என்று ஒரு பெட்டி இருக்கும். மாணவர்கள் அதில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி பொதுவாக வடிகட்டுவது இதழை, கட்டுரையை இல்லை. மதிப்பீடு நடக்கும் இதழில் வந்த தலையங்கம், வாசகர் கடிதம், நூல் மதிப்புரை, இரங்கல் குறிப்பு எல்லாம் அந்த வடிகட்டியில் தாராளமாக நுழைந்துவிடும். மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பதிவுக்கும் வெளியீட்டு வகை குறித்திருப்பார்கள்: தலையங்கம், கடிதம், மீளாய்வு, சோதனை ஆய்வு என்று. அதைப் பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சுற்றுத்தாள்:

அலமாரி அக்கா சொன்னதோடு ஒரு சின்ன விஷயம். இதழின் பெயரும் வெளியிடும் நிறுவனமும் எதையும் உறுதிசெய்யாது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ். அமெரிக்க வேதியியல் சங்கம் 1879 முதல் தன் பெயரிலேயே ஆய்விதழ் நடத்துகிறது, அதே சங்கம்தான் கெமிக்கல் அண்ட் எஞ்சினியரிங் நியூஸ் என்ற செய்தி இதழையும் நடத்துகிறது. நேச்சரும் சயின்டிஃபிக் அமெரிக்கனும் இன்று ஒரே குழுமத்தின் கையில் இருக்கின்றன. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்த எட்டு இலக்கம் தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான். சினிமா இதழுக்கும் அது கிடைக்கும்.

அப்புறம், துறைசார் தொழில் இதழ்கள் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. பொறியாளர்களுக்குப் பொறியாளர்களே எழுதுவதால் துறைச் சொற்கள் நிறைந்திருக்கும், பார்வைக்கு ஆய்விதழ் மாதிரியே தெரியும். ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் அப்படிப்பட்டது. படிக்க மிக நல்ல இதழ், ஆனால் அதில் வருவதை ஆய்வு முடிவு என்று மேற்கோள் காட்ட முடியாது.

மறுபக்கம்:

எல்லாம் சரி. ஆனால் மதிப்பீடு என்ற சொல்லை இவ்வளவு நம்பலாமா? லண்டனில் ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் 1665-ல் தொடங்கியது. கட்டுரைகளை வெளியாட்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது எங்கும் நிலையான விதியாக ஆனது அதற்கு மிகவும் பிந்தி, இருபதாம் நூற்றாண்டில்தான். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை 1953-ல் நேச்சரில் வந்தபோது வெளி மதிப்பீட்டாளர் யாரும் அதைப் பார்க்கவில்லை. நேச்சர் அதை ஒழுங்கான நடைமுறையாக்கியதே 1973-ல்.

மறுபுறம், 1998-ல் லான்செட்டில் வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை. 12 குழந்தைகளை வைத்து எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசியது. உலகின் மூத்த மருத்துவ ஆய்விதழ்களில் ஒன்று, மதிப்பீடு எல்லாம் நடந்தது. திரும்பப் பெற 2010 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை பெற்றோர் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டார்கள்! ‘ஆய்விதழில் வந்தது’ என்ற ஒரே வரி அங்கே பெரிய தீங்கு செய்தது.

அலமாரி:

மறுபக்கம், நீங்கள் சொன்ன தகவல் எதையும் மறுக்கவில்லை. முடிவில்தான் வேறுபடுகிறேன்.

மதிப்பீடு உண்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு குறைந்தபட்சச் சோதனை. ஆனால் 1936-ல் ஐன்ஸ்டைனுக்கு நடந்ததையும் பாருங்கள். ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவோடு அவரும் ரோசனும் ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார், அவர் குறைகளைச் சுட்டிக்காட்டி நீண்ட குறிப்பு எழுதினார். அச்சாகும் முன் வேறொருவரிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் கோபத்தோடு கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் அது வேறோர் இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. குறை நிஜமாகவே இருந்தது. ஐன்ஸ்டைனே ஆனாலும் இன்னொரு கண் தேவைப்பட்டது என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

வேக்ஃபீல்டு விஷயத்தில் இன்னொன்று. அந்தக் கட்டுரையை இன்று லான்செட் தளத்தில் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்று கட்டுரையின் மேலேயே தெரியும். கூட எழுதியவர்களில் பத்துப் பேர் 2004-லேயே அந்த விளக்கத்தைக் கைவிட்டதும் பதிவில் இருக்கிறது. தாமதம் மன்னிக்க முடியாததுதான். ஆனால் தவறைத் தவறென்று கட்டுரையின் மேலேயே ஒட்டிவைக்கும் ஏற்பாடு ஆய்விதழ் உலகில் இருக்கிறது.

விடியல்வாசகி, உங்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை வேலை. ஒவ்வொரு கட்டுரையின் பக்கத்திலும் புதுப்பிப்பு உண்டா என்று காட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பெரிய பதிப்பகங்கள் பலவற்றில் இருக்கும். திரும்பப் பெற்ற கட்டுரைகளைப் பற்றி ரிட்ராக்ஷன் வாட்ச் தொகுத்த தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பின் வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் சொட்டேரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

மைக்கறை:

நான் வரலாற்று ஆய்வு செய்கிறவன். ‘பொது இதழ் கூடாது’ என்ற விதியை எல்லாத் துறைக்கும் போடுவதை ஏற்க மாட்டேன்.

வன்னிவர் புஷ் 1945 ஜூலையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆவணங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தேடும் மேசைக்கருவி ஒன்றைக் கற்பனை செய்தார். இன்று நாம் சொடுக்கும் இணைப்புகளின் முன்னோடிச் சிந்தனை என்று கணினி வரலாறு எழுதுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது வந்தது அட்லான்டிக் என்ற பொது இதழில். கணினி வரலாற்று ஆய்வேட்டில் அதைச் சேர்க்காமல் விட முடியுமா? ஐம்பதுகளில் சிகரெட்டை எப்படி விற்றார்கள் என்று ஆராய்ந்தால் அன்றைய குடும்ப இதழ்களின் விளம்பரப் பக்கம்தான் தரவு. அங்கே பொது இதழ் ஆராயப்படும் பொருளாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் ஆய்விதழ்கள் பலவற்றை மாணவர்களே தேர்ந்தெடுத்துத் தொகுக்கிறார்கள், ஹார்வர்ட் லா ரிவ்யூ உட்பட. துறைவல்லுநர் மதிப்பீடு அங்கே வழக்கமில்லை. ஆனாலும் அடிக்குறிப்பு பக்கத்தில் பாதியை நிறைக்கும், நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே மேற்கோள் காட்டப்படும். புலமை இதழ், மதிப்பீடு செய்யப்பட்ட இதழ் இரண்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன முறையியல் சோதனையும் இலக்கியம், தத்துவம், வரலாறு மாதிரியான துறைகளுக்குப் பொருந்தாது. எங்கள் கட்டுரைகளில் அப்படியொரு தலைப்பே இருக்காது. நாங்கள் பார்ப்பது அடிக்குறிப்புகளைத்தான். எந்த ஆவணக் காப்பகம், எந்தக் கோப்பு, எந்தத் தாள் என்று தேடிப்போய் எடுக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பதே எங்கள் சோதனை.

விடியல்வாசகி:

எல்லோருக்கும் நன்றி. மைக்கறை அண்ணா, என் துறை உளவியல், அதனால் முறையியல் சோதனை எனக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாத இணைய இதழ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. அதில் ஆய்வுச் சுருக்கம், முறையியல், மேற்கோள் பட்டியல், டிஓஐ எண் எல்லாமே இருக்கின்றன. பெறப்பட்ட தேதியும் இருக்கிறது. ஏற்கப்பட்டது அதற்கு நான்காவது நாள்.

சுற்றுத்தாள்:

அந்த நான்கு நாள்தான் முதல் எச்சரிக்கை. இரண்டு வல்லுநர்கள் படித்து, கருத்து எழுதி, எழுதியவர்கள் திருத்தி முடிக்க நான்கு நாள் போதாது. வாரங்கள் ஆகும், பல துறைகளில் மாதங்கள் ஆகும்.

இவற்றைக் கொள்ளை இதழ்கள் என்பார்கள். எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, சோதிக்காமல் வெளியிட்டுவிடுவார்கள். ஆய்விதழின் வடிவம் முழுக்க இருக்கும், உள்ளே நடந்திருக்க வேண்டிய வேலை மட்டும் நடந்திருக்காது. 2013-ல் ஜான் பொஹன்னன் என்ற அறிவியல் செய்தியாளர் இதைச் சோதித்தார். கற்பாசி (லைக்கன்) வகை ஒன்றிலிருந்து புற்றுநோய் மருந்து என்று வேண்டுமென்றே பெரிய ஓட்டைகளோடு ஒரு போலிக் கட்டுரை தயாரித்து, 304 திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 மறுத்தன. சந்தா வாங்கும் இதழ்களுக்கு அவர் அனுப்பிப் பார்க்கவில்லை, ஆகவே திறந்த அணுக்கம் என்றாலே மோசம் என்று இதை வைத்துச் சொல்வது நியாயமில்லை. மிகக் கண்டிப்பான திறந்த அணுக்க இதழ்கள் உண்டு.

சோதிக்க வேண்டியவை: ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து, இந்த இதழின் பெயர் அங்கே வருகிறதா என்று பாருங்கள். கேட்காமலே பெயரைச் சேர்த்துக்கொள்ளும் இதழ்கள் இருக்கின்றன. 2003 முதல் இயங்கும் திறந்த அணுக்க இதழ்க் கோவையான டிஓஏஜே-யில் தேடுங்கள். உங்கள் நூலகத்தில் உல்ரிச் என்ற இதழ் விவரக் கோவை இருந்தால், மதிப்பீடு நடக்கும் இதழ்களின் பக்கத்தில் நடுவர் அணியும் கோடுபோட்ட சட்டைப் படம் ஒன்று இருக்கும். ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் வைத்திருந்த கொள்ளை இதழ்ப் பட்டியலைப் பலரும் இன்னும் பகிர்கிறார்கள். அவர் 2017-லேயே அதை எடுத்துவிட்டார், சுற்றில் இருப்பவை மற்றவர்கள் எடுத்து வைத்த பிரதிகள். டிஓஐ எண் கட்டுரைக்கு நிலையான முகவரி தருவது மட்டும்தான், தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பெரிய பதிப்பகம் என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். 2000 முதல் 2005 வரை எல்சவியரின் ஆஸ்திரேலியக் கிளை ஆய்விதழ் போலவே தோற்றமளித்த ஆறு வெளியீடுகளை மருந்து நிறுவனப் பணத்தில் அச்சிட்டது. அதில் ஒன்று எலும்பு, மூட்டு மருத்துவம் பற்றியது, பணம் கொடுத்தது மெர்க். 2009-ல் வெளியே வந்தபோது பதிப்பகமே அது தவறு என்று ஒப்புக்கொண்டது. இலவசமாகக் கையில் கிடைத்ததைப் படித்த மருத்துவர்களுக்கு அது விளம்பரம் என்று தெரிய வழியே இருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மறுபக்கம்:

பொஹன்னன் பேச்சு வந்ததால் 2015 சாக்லேட் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், விடியல்வாசகியின் துறைக்கு அது நேரடியாகப் பொருந்தும். சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று அவரும் சிலரும் ஓர் ஆய்வு செய்தார்கள். பங்கேற்பாளர்கள் நிஜம், தரவும் நிஜம். ஆனால் முடிவு வரை இருந்தவர்கள் 15 பேர், அளந்தது எடை, கொழுப்பு, தூக்கம் என்று 18 விஷயங்கள். இத்தனை சிறிய குழுவில் இத்தனை அளவீடு எடுத்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்க’ வித்தியாசம் வந்துவிடும். கட்டணம் வாங்கும் ஓர் இதழ் வெளியிட்டது, அங்கிருந்து பல நாட்டுச் செய்தித்தாள்களுக்கும் பொது இதழ்களுக்கும் போனது. எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள் என்று கேட்ட செய்தியாளர் அநேகமாக யாரும் இல்லை.

ஆக, நீங்கள் எந்த இதழில் படித்தாலும் முதலில் தேட வேண்டியது பங்கேற்பாளர் எண்ணிக்கையும் அளவீடுகளின் எண்ணிக்கையும்தான்.

அலமாரி:

நல்ல உதாரணம். அதே காரணத்துக்காகப் பொது இதழ்க் கட்டுரைகளை அழித்துவிடாதீர்கள் என்பேன். மூலத்துக்குப் போகும் வழி அவற்றில்தான் இருக்கிறது. கட்டுரையில் ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகம், சிலவேளை இதழின் பெயரும் மாதமும் இருக்கும். அதை வைத்துத் தேடி மூலக் கட்டுரையை எடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பொது இதழில் ‘தூக்கம் நினைவாற்றலைக் கூட்டுகிறது’ என்று நின்றுவிடும். மூலத்தில் எந்த வயதினர், எந்த வகை நினைவு, எந்தச் சோதனை என்று இருக்கும், கடைசியில் இந்த ஆய்வின் வரம்புகள் என்று ஒரு பத்தி இருக்கும். சோதனை எலிகளில் நடந்தது என்பது சிலவேளை மூலத்தில்தான் தெரியவரும். இந்த ஒப்பீட்டைச் சில கட்டுரைகளுக்குச் செய்தாலே, எந்த வகை என்று முதல் பத்தியிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் வந்துவிடும்.

கூகுள் ஸ்காலரில் தேடும்போது மட்டும் கவனம். அங்கே வருவதெல்லாம் மதிப்பீடு செய்யப்பட்டவை இல்லை. ஆய்வேடு, மாநாட்டு உரை, மெட்ஆர்க்கைவ் போன்ற தளத்தில் மதிப்பீட்டுக்கு முன்பே ஏற்றிய வடிவம் (முன்பதிப்பு) எல்லாம் கலந்து வரும். முன்பதிப்பு கிடைத்தால் பிறகு அது இதழில் வந்ததா என்று தேடி, வந்த வடிவத்தையே மேற்கோள் காட்டுங்கள். வரவில்லை என்றால் முன்பதிப்பு என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

விடியல்வாசகி:

தெளிவாகிவிட்டது. நேச்சர் செய்தியிலிருந்து மூலக் கட்டுரையைப் பிடித்துவிட்டேன், முறையியல் மட்டுமே பல பக்கம் ஓடுகிறது. இணைய இதழின் ஆசிரியர் குழுவில் முதல் மூன்று பேரைத் தேடினேன், யாருடைய பக்கத்திலும் அந்த இதழ் இல்லை. அதை எடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று: பேராசிரியர் எழுதிய தலையங்கத்தை முழுக்க விட்டுவிட வேண்டுமா? துறையில் இரண்டு தரப்பு ஏன் மோதிக்கொள்கின்றன என்று அதில்தான் நன்றாகப் புரிந்தது.

அலமாரி:

விட வேண்டாம் தங்கச்சி. முன்னுரையில் விவாதம் இருக்கிறது என்று காட்டும் இடத்தில் அவர் பெயரோடு ‘வாதிடுகிறார்’ என்று எழுதுங்கள், ‘நிறுவியுள்ளார்’ என்று எழுதாதீர்கள். அவர் தன் தரப்புக்குச் சான்றாகக் கொடுத்திருக்கும் ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, முடிவுகள் பற்றிப் பேசும் இயலில் அவற்றைக் காட்டுங்கள். நெறியாளரிடம் கொடுக்கும்போது அது தலையங்கம் என்று பட்டியலிலேயே குறித்துவிட்டால் கேள்வி வராது.